மூக்கொழுகலும் அடுப்படி வைத்தியமும்: மிளகு முதல் தைலம் வரை

தை மாதம் 5-ம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பார். சுற்றுவட்டாரத்து ஊர்களில் இருந்தெல்லாம் கூட்டம் வந்து சேரும். பனி இன்னும் விலகாத மாதம். ஆற்றில் தலை முழுகி, ஈரத் துணியோடு மணலில் நின்று, கடை கடையாகச் சுற்றிவிட்டு வீடு திரும்புவார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வீட்டுக்கு ஒருவராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்!

அப்போது யாரும் டாக்டரைத் தேடி ஓடுவதில்லை. வீட்டுப் பெரியவர் முதலில் போவது அடுப்படிக்குத்தான். அஞ்சறைப் பெட்டியில் மிளகு, சீரகம், மஞ்சள் இருக்கும். டப்பாவில் சுக்கு இருக்கும். ஆற்றங்கரைக்குப் போனால் நொச்சித் தழை கிடைக்கும். ஜன்னல் ஓரத்தில் ஒரு தைல டப்பாவும் இருக்கும். இவை எல்லாம் ஒரே நாளில் அந்த வீட்டுக்கு வந்தவை அல்ல. ஒன்று ஈராயிரம் வருடம் பழையது, இன்னொன்று நூற்றுச் சொச்சம் வருடம்தான் ஆனது. ஒன்று மலையில் இருந்து வந்தது, ஒன்று கப்பலில் வந்தது. மூக்கொழுகலுக்கு வீட்டில் செய்யும் வைத்தியத்தின் கதையைச் சொல்லப் போனால், அது பாதி மருத்துவ வரலாறு, பாதி வியாபார வரலாறு.

பெயரிலேயே இருக்கும் விளக்கம்

படித்தவர்கள் ஜலதோஷம் என்பார்கள். வட மாவட்டங்களில் ஜலுப்பு, தெற்கே தடுமன், யாழ்ப்பாணத்தில் தடிமன். "நீர் கோத்துக்கொண்டது" என்று சொல்வதும் உண்டு. இந்தப் பெயர்களில் பாதி நீரைப் பற்றியவை. தண்ணீரால் வந்த கோளாறு, தலையில் நீர் சேர்ந்துவிட்டது என்ற எண்ணம் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

சித்த மருத்துவமும் இதையே தன் முறையில் சொல்கிறது. உடம்பை நடத்துபவை வளி, அழல், ஐயம் என்ற மூன்று. இவற்றையே வாதம், பித்தம், கபம் என்றும் சொல்வார்கள். ஐயம் குளிர்ச்சித் தன்மை உடையது. அது மிகுந்தால் சளி, மூக்கடைப்பு, தலைபாரம். மூக்கைப் பற்றிய நோய்களுக்குப் பீனிசம் என்று தனிப் பெயரே இருக்கிறது. நெற்றியில் அரைத்துப் போடும் ஒரு சித்த மருந்துக்கு நீர்க்கோவை மாத்திரை என்றே பெயர்.

கோளாறு குளிர்ச்சி என்றால் மருந்து சூடாக இருக்க வேண்டும், காரமாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் அடுப்படி வைத்தியம் முழுவதும் புரிந்துவிடும். மிளகு ரசம், சுக்குக் கஷாயம், கண்டந்திப்பிலி ரசம், கொள்ளு ரசம், மிளகும் மஞ்சளும் போட்ட பால், ஓமத்தைத் துணியில் முடிந்து முகர்வது... எல்லாமே இந்த விதிக்கு எழுதிய உதாரணங்கள்தான். தயிரும் வாழைப்பழமும் வேண்டாம் என்று பாட்டிமார்கள் சொல்வதும் இதே கணக்குத்தான்.

மிளகு பார்த்த மூக்குகள்

இந்த விதிக்கு முதல் உதாரணம் மிளகு. இன்று காரம் என்றால் மிளகாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் வந்த பிறகு, 16-ம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பு தமிழ்ச் சமையலின் காரம் பெரும்பாலும் மிளகிலிருந்தும் திப்பிலி, இஞ்சி போன்றவற்றிலிருந்தும் வந்ததுதான். 'மிளகாய்' என்ற சொல்லே மிளகை வைத்துத்தான் பிறந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த இந்தச் சிறு மணிதான் பழைய உலகத்தின் பெரிய ஏற்றுமதிப் பொருள். யவனர்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, இந்தியாவில் செய்த பெரிய மண்சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அதைவிட வியப்பு ஒன்று உண்டு. கி.மு. 1213-ல் இறந்த எகிப்து மன்னன் இரண்டாம் ராம்செஸின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துவாரங்களுக்குள் மிளகு மணிகள் வைக்கப்பட்டிருந்தன. மிளகுக்கும் மூக்குக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது! அது வைத்தியத்துக்காக வைத்ததல்ல, உடலைப் பதப்படுத்துவதற்காக வைத்தது என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் அதே மிளகு தட்டிப் போடப்பட்டு ரசமானது. சென்னை ராஜதானிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் 'மிளகுத் தண்ணி'யைக் குடித்துப் பார்த்து, 'முல்லிகடானி' என்று பெயரை உருட்டித் தங்கள் ஊருக்கும் கொண்டுபோனார்கள். அங்கே அதில் கறியும் ஆப்பிளும்கூடச் சேர்ந்தன. ஆனால் மூலச் சரக்கு இங்கே சளி பிடித்தவனுக்கு வைத்துக் கொடுத்த அதே சாறுதான்.

மருந்தின் பெயரில் புத்தகம்

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்பார்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் பாதிக்கு இது துணை மருந்து. இந்த மூன்றும் தமிழனுக்கு எவ்வளவு பழக்கமானவை என்பதற்கு ஓர் இலக்கியச் சாட்சி இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றுக்குப் பெயரே திரிகடுகம். எழுதியவர் நல்லாதனார். ஒவ்வொரு பாட்டிலும் மூன்று கருத்துகள். மூன்று சரக்கு உடம்பு நோயைத் தீர்ப்பது போல, மூன்று கருத்து மன நோயைத் தீர்க்கும் என்பது பெயரின் பொருள். அதே வரிசையில் ஐந்து வேர்களின் பெயரில் சிறுபஞ்சமூலமும், ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு சரக்குகளின் பெயரில் ஏலாதியும் உண்டு.

ஒரு மருந்தின் பெயரை நீதி நூலுக்கு வைக்க வேண்டுமென்றால், விளக்கம் சொல்லாமலே எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே திரிகடுகம் வைத்தியர் வீட்டுச் சரக்காக மட்டும் இல்லை, வீட்டுச் சரக்காகவும் இருந்திருக்க வேண்டும். "சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமில்லை" என்ற பழமொழி சும்மா வரவில்லை.

கடல் கடந்தாலும் இதே முறைதான். இலங்கையில் சிங்களர் 'பஸ்பங்குவா' என்று ஐந்து சரக்குக் கஷாயம் வைப்பார்கள். அதிலும் மல்லியும் இஞ்சியும் முக்கியம். நம் ஊர்ச் சுக்குமல்லிக் காப்பி அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். காப்பித்தூளே இல்லாத காப்பி!

ஆற்றங்கரை நொச்சியும் மலைக் கடுக்காயும்

சங்க இலக்கியத்தில் நொச்சிக்குத் தனி மரியாதை. கோட்டையை முற்றுகையிட வந்தவனை எதிர்த்து மதிலைக் காப்பவர்கள் சூடும் பூ அது. புறத்திணையில் ஒன்றுக்கே நொச்சி என்று பெயர். மதில் காத்த செடி பிற்காலத்தில் மூக்கைக் காக்க வந்துவிட்டது!

நொச்சி தண்ணீர்ப் பாங்கான இடத்தில் தானாக வளரும். தென்பெண்ணைக் கரை அதற்கு ஏற்ற இடம். தழையை ஒடித்து வந்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிப்பார்கள். வேது பிடித்தல் என்று சித்த நூல்கள் சொல்வது இதைத்தான். இலையை உலர்த்தித் தலையணைக்குள் வைத்துத் தைப்பதும் உண்டு.

மேற்கே போனால் கல்வராயன் மலை. மலையாளி என்ற பழங்குடி மக்களின் மலை அது. பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்! நெடுங்காலம் ஜாகீர்தார்களின் கையில் இருந்த இந்த மலை, நாடு விடுதலை பெற்றுப் பல வருடம் கழித்து, 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. இந்த மலையின் பேர்பெற்ற சரக்கு கடுக்காய். தோல் பதனிடும் தொழிலுக்கும் மருந்துக்கும் போகும். நெல்லிக்காய், தான்றிக்காயுடன் சேர்ந்தால் திரிபலா. கபத்துக்கான கஷாயங்கள் பலவற்றிலும் கடுக்காய்த் தோல் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மலையில் காய் பொறுக்குபவர், கீழே நாட்டு மருந்துக் கடையில் சரக்கு விற்பவர், வீட்டில் கஷாயம் வைப்பவர். இந்த மூன்று பேருக்கும் சேர்ந்ததுதான் வீட்டு வைத்தியம். 'இலவச வைத்தியம்' என்று அதைச் சொல்வது சரியல்ல. அதன் பின்னால் மலை மக்களின் உழைப்பு இருக்கிறது. கஷாயம் பிரபலமாகும்போது யாரும் அவர்களை நினைப்பதில்லை.

1918: கஷாயம் தோற்ற வருடம்

வீட்டு வைத்தியத்தின் வரலாறு வெற்றிகளின் வரலாறு மட்டும் அல்ல. 1918-ல் முதல் உலகப் போரின் முடிவில் இன்புளூயன்சா உலகைச் சுற்றியது. பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்ததால் இந்தியாவில் அதைப் பம்பாய்க் காய்ச்சல் என்றார்கள். முதலில் மூக்கொழுகல், உடம்பு வலி. பிறகு நுரையீரல். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் நடுவில் இந்திய மக்கள்தொகை கூடாமல் சற்றுக் குறைந்தே போனது. மக்கள்தொகைக் கணக்கில் அப்படி ஒரு பத்தாண்டு அதற்குப் பின் வரவில்லை.

அன்று கஷாயம் மட்டும் தோற்கவில்லை. ஆங்கில மருத்துவத்திடமும் மருந்து இல்லை. அந்தக் கிருமி வைரஸ் என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மனிதருக்கு வரும் இன்புளூயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-ல்தான்.

அதற்குச் சில வருடம் கழித்து, 1921-ல், சென்னை அரசாங்கம் உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1923-ல் அறிக்கை வந்தது. 1920-களிலேயே சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளியும் தொடங்கியது. 1944-ல் வைத்தியர்கள் கூட்டுறவு முறையில் மருந்து தயாரிக்க 'இம்காப்ஸ்' அமைத்தார்கள். 1964-ல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 1983-ல் தமிழக அரசின் 'டாம்ப்கால்', 2005-ல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அடுப்படியில் வாய்வழியாக வந்த அறிவு இப்படி மெல்ல மெல்லக் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் போனது.

டப்பாவுக்குள் வந்த வைத்தியம்

இதற்கு இணையாக இன்னொரு பாதையும் இருந்தது. அது வியாபாரிகளின் பாதை.

ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கினார். தலைவலி, சளி இரண்டுக்கும் மஞ்சள் நிறத் தைலம். 1914-ல் தொழிலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தைலத்தில் வந்த பணம் எங்கே போனது தெரியுமா? 'ஆந்திர பத்ரிகா'வுக்கும் தேச விடுதலைப் போராட்டத்துக்கும். 1937-ல் சென்னையில் இருந்த அவர் வீடான ஸ்ரீபாக்கில்தான் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் ஸ்ரீபாக் ஒப்பந்தம் செய்தார்கள். மயிலாப்பூரின் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான் இருக்கிறது. மூக்கடைப்புக்குத் தேய்த்த தைலம் ஒரு மாநிலத்தின் அரசியலுக்கும் உதவியது!

கடல் தாண்டிப் போன தமிழர்கள் இன்னொரு தைலத்தைக் கொண்டுவந்தார்கள். 1928-ல் சிங்கப்பூரில் லியூங் யுன் சீ தொடங்கிய கோடாலித் தைலம். பச்சையான அந்தச் சிறு புட்டி, சிங்கப்பூர், மலேயா போய் வந்தவர்களின் பெட்டியில் தவறாமல் இருக்கும். ஊருக்கு வந்ததும் உறவுக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மனஸ்தாபம்! சீனர் விற்ற பொருள் தமிழர் வீட்டின் 'சொந்த வைத்தியம்' ஆனது இப்படித்தான்.

மூன்றாவது விக்ஸ். அமெரிக்காவின் வட கரோலினாவில் லன்ஸ்ஃபோர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருந்துக்கடைக்காரர் 1890-களில் உருவாக்கியது. 1918 இன்புளூயன்சாவின்போது ஒரே வருடத்தில் அதன் விற்பனை 9 லட்சம் டாலரிலிருந்து 29 லட்சம் டாலருக்கு ஏறியது. உலகமே அழுத வருடத்தில் ஒரு களிம்புக்கு மட்டும் அறுவடை. இந்தியாவில் அதை விற்க 1964-ல் ரிச்சர்ட்சன் இந்துஸ்தான் என்ற கம்பெனி வந்தது. 1985-ல் தாய்க் கம்பெனியைப் பிராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கிக்கொண்டது.

இங்கே ஒரு வேடிக்கை. அமெரிக்கக் களிம்பான விக்ஸ் வேபோரப் டப்பாவை இந்தியாவில் திருப்பிப் பார்த்தால் ஆயுர்வேத மருந்து என்று போட்டிருக்கும். கற்பூரம், புதினா உப்பு, நீலகிரித் தைலம், ஓம உப்பு எல்லாம் நம் நூல்களிலும் இருக்கும் சரக்கு என்பது அதற்கான நியாயம். ஆயுர்வேத மருந்து என்றால் அப்போது வரி வேறு, உரிமமும் வேறு. அதனால் இது பெயருக்கான சண்டை இல்லை, பணத்துக்கான சண்டை. அமிர்தாஞ்சன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு சரக்கு ஆங்கில மருந்து நூலிலும் இடம்பெற்றிருக்கிறது என்பதற்காக அது ஆயுர்வேதச் சரக்கு இல்லை என்று ஆகிவிடாது என்ற கருத்தில் 1995-ல் கம்பெனிக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. பாட்டி வைத்தியமா, பாரின் வைத்தியமா என்ற கேள்விக்குக் கலால் வரி வழக்கில் பதில் தேட வேண்டிய நாடு நம் நாடு!

விஞ்ஞானம் என்ன சொன்னது?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-ல், இங்கிலாந்தின் சாலிஸ்பரி அருகே ஜலதோஷத்துக்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். பத்து நாள் இலவசத் தங்கல், சாப்பாடு. பதிலுக்கு மூக்கில் கிருமி விட்டுக்கொள்ள வேண்டும்! 1990 வரை நடந்த அந்த நிலையத்துக்குச் சுமார் 20,000 பேர் விருப்பத்தோடு வந்து போனார்கள். ஜலதோஷத்துக்கு முக்கியக் காரணமான ரைனோ வைரஸ் 1950-களில் பிரித்தெடுக்கப்பட்டது. மனிதருக்கு ஜலதோஷம் தரும் கொரோனா வைரஸ் ஒன்றை 1960-களில் கண்டுபிடித்ததும் இந்த நிலையம்தான்.

ஈரத்தில் நின்றால் சளி பிடிக்குமா? அதையும் சோதித்தார்கள். ஆட்களைக் குளிக்க வைத்து, ஈரத்தோடு குளிர்காற்றில் நிற்க வைத்தார்கள். குளிரால் மட்டும் ஜலதோஷம் வரவில்லை. அதற்காகப் பாட்டி தோற்றுவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. 2005-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேரைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கால் வைக்கச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில் 13 பேர் ஜலதோஷம் என்றார்கள். தண்ணீர் இல்லாத தொட்டியில் கால் வைத்த 90 பேரில் 5 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஏற்கெனவே ஒளிந்திருக்கும் கிருமிக்குக் குளிர் வழிவிடலாம் என்பது அவர்கள் ஊகம். ஆக, ஆற்றுத் திருவிழாவில் சளி பிடிப்பதற்குத் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. பக்கத்தில் தும்மியவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவி பிடித்தால் குணமாகுமா? 1989-ல் சாலிஸ்பரி ஆராய்ச்சியாளர்கள் சூடான ஈரக் காற்று பலன் தருவதாகச் சொன்னார்கள். பின்னால் அமெரிக்காவில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் உறுதியான நன்மை இல்லை என்று முடித்தார்கள். தைலம்? புதினா உப்பு மூக்கடைப்பைத் திறப்பதே இல்லை! குளிர்ச்சியை உணரும் நரம்பு முனையை அது தட்டி எழுப்புகிறது. காற்று நன்றாகப் போகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. குளிர்ச்சியையும் காரத்தையும் உணரும் இந்த வாயில்களைக் கண்டறிந்ததில் பங்குள்ள டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. சூடான பானம்? 2008-ல் கார்டிஃப் குழு அதையும் பார்த்தது. மூக்கில் காற்று போகும் அளவு மாறவில்லை. ஆனால் மூக்கொழுகல், தும்மல், தொண்டை வலி, குளிர் எல்லாம் குறைந்ததாகக் குடித்தவர்கள் சொன்னார்கள்.

அப்படியானால் மிளகு ரசம் நோயைக் குணமாக்கவில்லை, நோயாளிக்கு ஆறுதல் தருகிறது. "மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம்" என்ற கேலி உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதும் ஒரு கேள்வி அல்லவா? அந்தக் கேள்விக்குத்தான் அடுப்படி பதில் சொன்னது.

கபசுரக் குடிநீரும் ரயில் நிலைய ஆவியும்

2020-ல் கொரோனா வந்தது. தமிழக அரசு கபசுரக் குடிநீரை ஊர் ஊராக விநியோகித்தது. சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, கற்பூரவல்லி, சீந்தில், நிலவேம்பு என்று 15 சரக்குகள். அதில் கல்வராயன் மலைக்குப் பழக்கமான கடுக்காய்த் தோலும் ஒன்று. கொரோனா வந்த முதல் கோடையில் நாட்டு மருந்துக் கடைகளில் வரிசை நின்றது.

2021 மே மாதம், இரண்டாம் அலை. பொது இடங்களில் பெரிய குக்கர் வைத்துக் குழாய் வழியாக எல்லோருக்கும் ஆவி கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒருவர் ஆவி பிடித்து இருமிய இடத்தில் அடுத்தவர் முகத்தை நீட்டினால் என்ன ஆகும்? பொது இடத்தில் ஆவி பிடிக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒருவர் கம்பளிக்குள் தனியாக உட்கார்ந்து செய்த வைத்தியம், கூட்டத்துக்கு வந்ததும் ஆபத்தானது. வீட்டு வைத்தியம் என்ற பெயரில் 'வீட்டு' என்ற சொல்லுக்கும் பொருள் இருக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் அதன் மறுபக்கமும் தெரிந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. ஈரத்திலும் குளிரிலும் மக்கள் நின்றார்கள். அப்போது தண்ணீர் புகுந்த வீட்டில் கஷாயம் எங்கே வைப்பது? அடுப்படி வைத்தியத்துக்கு முதலில் அடுப்பு வேண்டும். உலர்ந்த விறகு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். அது இல்லாத இடத்தில் அரசு மருத்துவ முகாம்தான் வழி.

குழந்தைகளின் கணக்கு

கடைசியாக, இந்த வரலாற்றின் மிக வருத்தமான பக்கம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சாதாரணச் சளி, இருமல், காய்ச்சலுக்காக ஒரு சிரப் கொடுக்கப்பட்டது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். சிரப் தயாரானது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசின் பரிசோதனையில் அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம் மட்டுமே. ஆலையின் உரிமம் ரத்தானது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குச் சளி, இருமல் சிரப் தரவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

தானாகவே ஒரு வாரத்தில் போகும் மூக்கொழுகலுக்காக ஓர் உயிர்! இதைவிடப் பெரிய நஷ்டக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் இருக்காது.

இதைப் படித்துவிட்டு வீட்டு வைத்தியம் எல்லாமே பாதுகாப்பு என்று முடிவுக்கு வருவதும் தவறு. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்து போன குழந்தைகள் உண்டு. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் விஷம். இரண்டு வயதுக்குள் குழந்தைக்கு விக்ஸ் தடவக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை பிடிப்பதும் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. மூக்கில் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பலன் உண்டு, ஆனால் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். மூச்சு வாங்கினால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் போனால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1918 கற்றுக் கொடுத்ததும் இதுதான், 2025 கற்றுக் கொடுத்ததும் இதுதான். எது சின்ன நோய், எது பெரிய நோய் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சின்ன நோய்க்குப் பெரிய மருந்து வேண்டாம், பெரிய நோய்க்குச் சின்ன மருந்து போதாது. ஈராயிரம் வருட அனுபவத்தில் மிளகைவிடக் காரமான சரக்கு இந்த விவேகம்தான்.

அடுத்த தை 5-ம் நாளும் அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு வருவார். மக்கள் ஆற்றில் முழுகுவார்கள். இரண்டு நாளில் மூக்கு ஒழுகும். யாராவது ஒரு பெரியவர் அம்மியில் மிளகைத் தட்டுவார். ரசம் கொதிக்கும் வாசனைக்கே பாதித் தலைபாரம் இறங்கின மாதிரி இருக்கும். மீதிப் பாதி? ஏழாம் நாள் தானாக இறங்கும்!